ஆஸ்துமாவுக்கு ஊர்ப் பணம்: முகாமா, மருந்தா, வீடு தேடிப் போவதா?

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் எங்களைப் போன்ற குழுக்கள் நிறைய உண்டு. கூடப் படித்தவர்கள், நாலு கடைக்காரர்கள், வெளிநாட்டில் சம்பாதிக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வருடத்துக்கு ஒரு தொகை திரட்டி ஊருக்கு எதையாவது செய்வது. குளம் தூர்வாரியாயிற்று, மரக்கன்று நட்டாயிற்று, இந்த முறை ஆஸ்துமா என்று முடிவாகிவிட்டது. குழுவில் பாதிப் பேர் வீட்டில் யாருக்காவது வீசிங் இருக்கிறது, ஆடிக் காற்று தொடங்கினால் ராத்திரி பதினொரு மணிக்கு நெபுலைசர் வைக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. கையில் இருப்பது ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய், அடுத்த வருடமும் இதே அளவு வரலாம். இதை எதில் போடுவது என்பதில்தான் சண்டை. ஒருவர் முகாம் என்கிறார், ஒருவர் பள்ளிக்கூடம் என்கிறார், இன்னொருவருக்கு தென்னை நார் ஆலைத் தூசை நிறுத்தினால்தான் எல்லாம் சரியாகும் என்று உறுதி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே நோய் என்று தெரிந்து, அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களைப் பிடித்து, அவர்களுக்கு தினசரித் தடுப்பு இன்ஹேலர் ஒரு மாதம்கூட விடுபடாமல் கிடைக்கச் செய்வதில்தான் முதல் பணம் போக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. உலகத்தின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார், ஆனால் ஆஸ்துமாவால் நேரும் சாவுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் இங்கேதான் நேர்கிறது என்று உலக நோய்ச் சுமைக் கணக்கு சொல்கிறது. நம் காற்று மோசம் என்பது உண்மைதான், ஆனால் காற்று மட்டும் இவ்வளவு வித்தியாசத்தைக் கொண்டுவராது. மருந்து இருக்கிறது, கடையிலும் கிடைக்கிறது, சாப்பிட வேண்டியவர் சாப்பிடுவதில்லை அல்லது தவறான மருந்தை மட்டும் எடுக்கிறார்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முகாம்

முகாமுக்கு ஆதரவு ஏன் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும்: ஒரே நாளில் முடிந்துவிடும், பேனர் கட்டலாம், நானூறு பேர் வந்தார்கள் என்று எழுதலாம். உலக ஆஸ்துமா தினம் மே மாதத்தின் முதல் செவ்வாய் என்பதால் பெரும்பாலும் அந்த வாரத்தில் வைப்பார்கள். நம் பக்கம் சித்திரை வெயிலில் பலருக்கு இளைப்பு அடங்கிக் கிடக்கும் நேரம் அது. ஆஸ்துமாவின் குணமே ஏறி இறங்குவதுதான், அன்றைக்கு நுரையீரல் நன்றாக இருந்தால், மூச்சின் வேகத்தை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதினாலும் எல்லாம் நார்மல் என்றுதான் வரும். 'மிஷினில் ஊதிப் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க' என்று சந்தோஷமாகப் போகிற ஆள், ஆடி மாதம் ஐசியூவில் கிடக்கலாம்.

அதோடு முகாமுக்கு வருகிற கூட்டம் கலவையான கூட்டம். நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்து நுரையீரல் கெட்டுப்போன பாட்டி, பீடி பிடித்து இருமுகிற பெரியவர், பஞ்சாலையில் வேலை பார்த்தவர், யாருக்கும் தெரியாமல் காசநோய் இருப்பவர் எல்லோருக்கும் 'சளி, மூச்சு வாங்குது' என்பதுதான் புகார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இதையெல்லாம் ஒரு டாக்டர் ஒரு காலைப் பொழுதில், ஆளுக்கு மூன்று நிமிடத்தில் பிரித்துப் பார்த்துவிட முடியும் என்று நினைப்பது அந்த டாக்டருக்கும் அநியாயம். கடைசியில் சாம்பிள் இன்ஹேலர் ஒன்று கொடுப்பார்கள். அது தீர்ந்ததும் கதை முடிந்தது.

ஒரே நாளில் குணம் என்ற ஆசை எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டுமானால் ஜூன் மாதம் ஹைதராபாத் நாம்பள்ளி பொருட்காட்சி மைதானத்துக்குப் போக வேண்டும். மிருகசிரா கார்த்தி அன்று பத்தினி குடும்பத்தினர் ஒரு மஞ்சள் மருந்துக் குழம்பை உயிருள்ள சின்ன விரால் மீன் வாயில் வைத்து விழுங்கக் கொடுப்பார்கள், வாங்க ஆயிரக்கணக்கில் வரிசை நிற்கும். அது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. அந்த வரிசையில் நிற்பவர்களை நான் கேலி செய்யவில்லை. தினமும் காலையும் மாலையும், நன்றாக இருக்கிற நாளிலும், மருந்து இழுக்க வேண்டும் என்று யாரும் அவர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து சொன்னதில்லை, அவ்வளவுதான். நம் முகாமும் அதையே வெள்ளைக் கோட்டு போட்டுச் செய்யக்கூடாது.

மருந்தை விடாமல் கொடுப்பது

இதற்கு நான் காட்டுகிற ஊர் பிரேசிலின் பாஹியா மாநிலத் தலைநகர் சால்வடோர். ஏழைகள் நிறைந்த பெரிய நகரம், நம் ஊர்களுக்கு ஐரோப்பாவைவிட ரொம்பப் பக்கம். 2003-ல் அங்கே பல்கலைக்கழக மருத்துவர்கள், அல்வாரோ குரூஸ் என்பவர் தலைமையில், புரோஆர் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். எல்லா ஆஸ்துமாக்காரர்களையும் பிடிக்க அவர்கள் முயலவில்லை. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களை மட்டும் சிறப்பு கிளினிக்குகளில் சேர்த்து, தடுப்பு இன்ஹேலரை இலவசமாக, தொடர்ச்சியாகக் கொடுத்து, டாக்டரோடு நர்ஸும் மருந்தாளரும் உட்கார்ந்து எப்படி இழுப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2003-க்கும் 2006-க்கும் இடையில் அந்த நகரத்தில் ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. முழு நகரத்துக்கான கணக்கு இது, திட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமானதல்ல. அந்த மாதிரித் திட்டம் இல்லாத ரெசிஃபி நகரத்தோடு ஒப்பிட்டும் காட்டினார்கள், அங்கே அப்படியொரு வீழ்ச்சி இல்லை.

ஒரு நகரத்தின் சேர்க்கை எண்ணிக்கையை இவ்வளவு கொஞ்சம் பேரை வைத்து எப்படிக் குறைக்க முடிந்தது என்று கேட்டால், ஆஸ்பத்திரிப் படுக்கையை நிரப்புகிறவர்கள் எப்போதும் அதே ஆட்கள்தான். நூறு ஆஸ்துமாக்காரர்களில் ஐந்து பத்துப் பேர்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். அந்தக் குடும்பங்களின் வருமானத்தில் கால் பங்குக்கும் மேல் இந்த நோய்க்கே போய்க்கொண்டிருந்தது என்று அதே குழு கணக்கிட்டது. மருந்தும் ஆட்டோவும் போக, வேலைக்குப் போகாத நாட்களின் கூலியும் அதில் சேரும். நம் பக்கம் தினக்கூலிக் குடும்பத்தில் இதைக் கணக்குப் போட்டால் வேறு மாதிரி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சால்வடோரில் சேர்க்கை அதற்கு முன்பிருந்தே கொஞ்சம் குறைந்துகொண்டுதான் வந்தது, அதனால் முழுப் பெருமையும் திட்டத்துக்கே என்று சொல்ல முடியாது. பின்னால் ஒரு பல்கலைக்கழகமும் அரசாங்க மருந்தும் இருந்தன, நம்மிடம் இருப்பது மூன்று லட்சம். அப்படியிருந்தும் இந்த வழியைச் சின்ன அளவில் அப்படியே செய்யலாம், பத்துப் பேருக்குச் செய்தால் பத்துப் பேருக்குப் பலன். முகாமைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம். கடையில் கேட்டதும் கிடைக்கிற நீல பம்பு சால்பியூட்டமால். அடைத்த குழாயை உடனே திறக்கும், ஆனால் உள்ளே இருக்கிற வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது பியூடசோனைடு மாதிரி ஸ்டீராய்டு இன்ஹேலர், தடுப்பு இன்ஹேலர் என்று நான் சொல்வது இதைத்தான், அது வேலை செய்ய நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். போட்டதும் ஒன்றும் தெரியாது என்பதாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டிக் குழுவான ஜினா 2019-லிருந்து, சால்பியூட்டமாலை மட்டும் வைத்துக் காலம் தள்ளக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. வருடத்துக்கு மூன்று நீல பம்புக்கு மேல் தீர்க்கிற ஆளுக்கு மோசமான தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது, பன்னிரண்டுக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது.

இங்கேதான் மெடிக்கல் ஷாப்காரர் வருகிறார். யார் மாதம் ஒரு நீல பம்பு வாங்குகிறார், யார் மூச்சுக்குழாயை விரிக்கிற டெரிஃபிலினும் ஸ்டீராய்டு மாத்திரையான பெட்னசாலும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து வாங்கிப் போகிறார் என்று ஊரில் அவருக்குத் தெரிந்த அளவு எந்த டாக்டருக்கும் தெரியாது. பட்டியல் கேட்கக் கூடாது, அது அடுத்தவர் ரகசியம். 'மருந்துச் செலவுக்கு உதவி இருக்கிறது, இந்த நம்பரில் கூப்பிடுங்க' என்று ஒரு சீட்டை அவர் கையில் கொடுத்துவைத்தால் போதும். நானூறு பேர் வந்து ஊதிப் பார்க்கிற முகாமைவிட, சரியான நாற்பது பேரை இந்தச் சீட்டு கொண்டுவரும்.

கணக்கு இப்படி. மாதம் ஆளுக்கு மருந்து 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நாற்பது பேருக்கு வருடம் 1,92,000. பம்பின் வாயில் மாட்டி மருந்தை இழுக்க உதவும் குழல், ஸ்பேசர் என்பார்கள், ஆளுக்கு ஒன்று, முந்நூறு ரூபாய் வீதம் 12,000. வாரத்தில் இரண்டு நாள் வரும் நர்ஸ் ஒருவருக்கு மாதம் 5,000 என்றால் 60,000. மொத்தம் 2,64,000. மருந்தை நாம் கையில் தொடக் கூடாது. டாக்டர் எழுதட்டும், கடைக்காரர் கொடுக்கட்டும், பில்லை மட்டும் நாம் கட்டலாம். ஜெனரிக் மருந்துக் கடையில் வாங்கினால் இன்னும் சில பேரைச் சேர்க்கலாம்.

அந்த 60,000-த்தைப் பற்றித்தான் எங்கள் குழுவில் முணுமுணுப்பு, மருந்துக்குப் போக வேண்டிய பணத்தில் சம்பளமா என்று. எனக்கு அது மூன்று லட்சத்திலேயே உருப்படியான செலவு. அழுத்துகிற பம்பை மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து விநாடி மூச்சை நிறுத்த வேண்டும். பொடி மருந்து அடைத்த ரோட்டா கேப்சூலை இதற்கு நேர்மாறாக வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்கள் ஏராளம், மருந்து முழுவதும் நாக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், அப்புறம் 'இன்ஹேலர் எனக்குக் கேட்கலை' என்பார்கள். வாய் கொப்பளிக்கச் சொல்லாததால் வாயில் வெள்ளை படிந்து, பயந்து நிறுத்தியவர்களும் உண்டு. இதையெல்லாம் ஒரு தடவை சொன்னால் போதாது, ஒவ்வொரு மாதமும் இழுத்துக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஸ்பேசருக்குக் காசில்லை என்றால் ஐந்நூறு மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டும் செய்யலாம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் சார் என்ற குழந்தை மருத்துவரின் குழு 1999-ல், பம்பின் வாய் பாட்டிலுக்குள் இறுக்கமாகப் பொருந்தினால் குழந்தைகளுக்கு அது கடையில் விற்கிற ஸ்பேசர் அளவுக்கு உதவுகிறது என்று காட்டியது.

அப்புறம் அந்தப் பழைய பயம். 'ஏனுங்க சிஸ்டர், இந்தப் பம்பு அடிச்சா அப்புறம் அதுவே பழகிப்போயிருமுங்களா?' என்று கேட்காத தாய் நம் பக்கம் இல்லை. டாக்டர் மூன்று நிமிடத்தில் 'இல்லம்மா' என்று மட்டும் சொல்ல முடியும். மாத்திரையாகச் சாப்பிடுகிற ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கு, இழுப்பது மைக்ரோகிராம் கணக்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு அலகு என்று விளக்க நர்ஸுக்குத்தான் நேரம் இருக்கும். அக்கம்பக்கத்தில் நன்றாகிவிட்ட இன்னொரு பிள்ளையின் அம்மா சொன்னால் இன்னும் சீக்கிரம் ஏறும்.

பின்லாந்து செய்தது

யார் ஆஸ்துமாவைப் பற்றிப் பேசினாலும் பின்லாந்தை இழுப்பார்கள், நானும் இழுக்கிறேன். 1994 முதல் 2004 வரை பத்து வருடம், டாரி ஹாடெலா என்ற மருத்துவர் முன்னின்ற தேசியத் திட்டம். அந்த நாட்டு மக்கள்தொகை ஐம்பது லட்சத்துச் சொச்சம், அதாவது கோவையும் திருப்பூரும் சேர்ந்த அளவு, அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. 1993-ல் ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் நாடு முழுக்க 1,10,000, 2003-ல் 51,000. இத்தனைக்கும் இடையில் மருந்து எடுப்பவர்கள் எண்ணிக்கை 1,35,000-லிருந்து 2,07,000-க்கு ஏறியது. ஒரு நோயாளிக்கு ஆகும் வருடச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது.

அவர்கள் புதிதாக ஆஸ்பத்திரி எதுவும் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் ஆஸ்துமாவுக்குப் பொறுப்பான ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், பெரும்பாலான மருந்துக் கடைகளில் ஒரு மருந்தாளர் என்று பெயர் சொல்லி நியமித்தார்கள். நோய் தெரிந்த உடனேயே வீக்கத்தைக் குறைக்கிற மருந்தைத் தொடங்குவது, தள்ளிப்போடாமல். மருந்து விலையில் பெரும்பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது. இவ்வளவுதான் விஷயம், ஆனால் பத்து வருடம் விடாமல் செய்தார்கள்.

மூன்று லட்சத்தில் இதைச் செய்ய முடியாது, செய்ய வேண்டியதும் நாமில்லை. நம்மிடம் இதற்கான எலும்புக்கூடு ஏற்கெனவே இருக்கிறது: 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்குவதில் நாட்டுக்கே முன்மாதிரி, ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஆனால் அதன் மையம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும். அதே பையில் இன்ஹேலரும் போனால் என்ன என்பதுதான் என் கேள்வி. நாற்பது பேருக்கு ஒரு வருடம் நாம் செய்து, அவர்கள் எத்தனை முறை அவசரச் சிகிச்சைக்குப் போனார்கள் என்ற கணக்கை எழுதி வைத்திருந்தால், மாவட்ட சுகாதார அலுவலரிடம் மனு கொடுக்கும்போது கையில் ஏதாவது இருக்கும். வெறும் மனுவை யாரும் படிப்பதில்லை.

வீடு தேடிப் போவது

குழுவில் இளைஞர்களுக்குப் பிடித்தது இதுதான். இதற்கு உதாரணம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று 2005-ல் தொடங்கிய திட்டத்தில், ராக்ஸ்பரி, டார்செஸ்டர் மாதிரி ஏழைகள் வாழும் பகுதிகளில், அடிக்கடி சேர்க்கப்படும் பிள்ளைகளின் வீட்டுக்கு அந்தப் பகுதியைச் சேர்ந்த சுகாதாரப் பணியாளர் நேரே போவார். தலையணை உறை, நல்ல வாக்குவம் கிளீனர், கரப்பான் ஒழிப்பு, மருந்து எப்படி எடுக்கிறார்கள் என்று பார்ப்பது. சுவர் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் டாக்டரே நகராட்சி வீட்டு ஆய்வாளருக்கு எழுதி, வீட்டுக்காரரைச் சரிசெய்ய வைக்கிற ஏற்பாடும் அந்த ஊரில் உண்டு. பன்னிரண்டு மாதத்தில் அவசரச் சிகிச்சை 68 சதவீதம் குறைந்தது, ஆஸ்பத்திரிச் சேர்க்கை ஏறத்தாழ 85 சதவீதம் குறைந்தது, போட்ட ஒரு டாலருக்கு 1.46 டாலர் திரும்பக் கிடைத்தது என்று 2012-ல் எழுதினார்கள்.

எண்ணைப் பார்த்ததும் மயங்கிவிடக் கூடாது. ஒரு பிள்ளையை மிக மோசமாக இருக்கும் வருடத்தில் திட்டத்தில் சேர்த்தால், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த வருடம் கொஞ்சம் தேறும், மோசமான வருடம் தொடர்ந்து வராது. நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ஆஸ்துமாவுக்கு மட்டுமானதல்ல அந்தத் திட்டம், அடிக்கடி சேர்க்கப்படும் பெரியவர்களின் வீடு தேடிப் போவது. நாடெங்கும் புகழ் பெற்றது. 2020-ல் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்த முடிவு வந்தபோது, உதவி பெற்றவர்களில் 180 நாளில் மறுபடி சேர்ந்தவர்கள் 62.3 சதவீதம், பெறாதவர்களில் 61.7. இரண்டு பிரிவும் ஒரே மாதிரித்தான் தேறியிருந்தது. சால்வடோர் கணக்கின் மேல் எனக்கு நம்பிக்கை கூடுதலாக இருப்பதற்கும் இதுதான் காரணம், அது முழு நகரத்தையும் அளந்தது.

வீட்டைச் சுத்தப்படுத்துவது வீண் என்று சொல்லவில்லை. ஏழு அமெரிக்க நகரங்களில் 937 பிள்ளைகளை வைத்து, குலுக்கல் முறையிலேயே செய்து 2004-ல் வெளியான ஆய்வில், கரப்பான், தூசிப்பூச்சி, சிகரெட் புகையைக் குறைத்த வீடுகளில் பிள்ளைகள் மூச்சுத் தொல்லையோடு கழித்த நாட்கள் நிஜமாகவே குறைந்தன. அளவு மிதமானது, ஆனால் உண்மை.

நம் வீடுகளில் கார்ப்பெட் கிடையாது, வேறு சமாச்சாரங்கள் உண்டு. கேஸ் அடுப்பு வந்த வீட்டிலும் குளிக்க வெந்நீர் போட வாசலில் விறகடுப்பு எரியும், அதன் பக்கத்தில்தான் பிள்ளை பல் விளக்கும். இலவம்பஞ்சுத் தலையணை இருபது வருடப் பழசு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி. ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்தி. ஒரு சுருள் விடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் சில சுருள்களை அளந்து பார்த்துச் சொன்னார்கள். பொங்கலுக்கு முன் பரண் தட்டி, சுண்ணாம்பு அடித்து, போகியன்று பழைய பாயைக் கொளுத்துவது வரைக்கும் மார்கழி முழுக்க வீசிங் பிள்ளைக்குச் சோதனைக் காலம். இதில் பெரும்பாலானவற்றை மாற்றக் காசு தேவையில்லை, கொசுவலை ஒன்று வாங்கினால் போதும். ஆனால் சொல்கிறவர் அதே தெருவில் இருக்கும் அக்காவாக இருக்க வேண்டும். நாங்கள் நாலு ஆம்பளைகள் போய் சாம்பிராணி போடாதீங்க என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

புகையைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்றும் வாக்குக் கொடுக்க முடியாது. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளும் சேர்ந்து நாலு நாடுகளில் 3,200 குடும்பங்களுக்குக் கேஸ் அடுப்பு கொடுத்துச் செய்த பெரிய ஆய்வில் வீட்டுப் புகை நன்றாகவே குறைந்தது, ஆனால் அவர்கள் அளந்த பிள்ளைகளின் பிறப்பு எடையும் கடும் நிமோனியாவும் மாறவில்லை. ஆஸ்துமாவுக்கான ஆய்வல்ல அது, இருந்தாலும் நாம் பேசும்போது வாயைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள அது போதும். மீதமிருக்கும் 36,000 ரூபாயை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. எல்லா வீட்டுக்கும் வேண்டாம், தடுப்பு மருந்து ஒழுங்காக எடுத்தும் அடங்காத பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும்.

பள்ளிக்கூடம்

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் ஜில் ஹால்டர்மன் என்ற குழந்தை மருத்துவரின் குழு ஒரு எளிய யோசனையைச் செய்து பார்த்தது: வீட்டில் மருந்து விட்டுப்போகிறதா, அப்போ பள்ளியில் நர்ஸே தினமும் கொடுத்துவிடட்டும். மூன்று முதல் பத்து வயதுள்ள 530 பிள்ளைகளை வைத்துச் செய்தபோது மூச்சுத் தொல்லை இல்லாத நாட்கள் கூடின. நம் பள்ளியில் நர்ஸ் கிடையாது. 2022-லிருந்து தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு இருக்கிறது, தினமும் ஒரே நேரத்தில் எல்லாப் பிள்ளையும் உட்காருகிற இடம் அது, யோசனையாக நன்றாக இருக்கிறது. ஆனால் யார் கொடுப்பது, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று தலைமையாசிரியர் கேட்டால் பதில் இல்லை. இந்த வருடம் வேண்டாம். நீல பம்பைப் பையில் வைத்திருக்கிற பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்கி பீரோவில் பூட்டாதீர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னால் அதுவே பெரிய காரியம்.

தூசை நிறுத்துவது

நார் ஆலைத் தூசு பற்றிப் பேசுகிற நண்பருக்கு நான் எதிரியில்லை. மூலத்தை நிறுத்தினால் கிடைக்கும் பலனுக்கு மருந்து ஈடாகாது என்பதற்கு பார்சிலோனாவே சாட்சி. 1981-க்கும் 1987-க்கும் இடையில் அந்த நகரத்தில் திடீர் திடீரென்று ஒரே நாளில் கூட்டமாக ஆஸ்துமா வரும், 26 முறை வந்தது, சிலர் செத்தும் போனார்கள். அவசரப் பிரிவில் கூட்டம் வந்த நாட்களையும் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறங்கிய நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சோயா மொச்சை இறக்கிய நாட்களோடு அவை பொருந்தின. தூசு வடிகட்டி இல்லாத ஒரு தானியக் கிடங்குதான் காரணம். வடிகட்டி மாட்டியதும் அந்தத் தொடர் நின்றது.

ஆனால் அங்கே ஒரே மூலம், ஒரே பொருள், தேதி சுத்தமாகப் பொருந்தியது. காற்று பற்றிய வாதங்கள் எல்லாம் இவ்வளவு சுத்தமாக வருவதில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது கார்களைக் குறைத்ததால் பிள்ளைகளின் ஆஸ்துமா அவசரங்கள் நாற்பது சதவீதம் குறைந்தன என்று முதலில் எழுதினார்கள், பிறகு வந்த மறு ஆய்வு அதை அவ்வளவு உறுதியாக ஏற்கவில்லை. நம் பக்கம் நார் ஆலை, செங்கல் சூளை, சாலைப் புழுதி, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று, மகரந்தம் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அப்புறம் சென்னையில் இருக்கிற பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு என்று போனால் வருடக்கணக்கில் இழுக்கும். ஆலைகளில் வேலை பார்ப்பவர்களும் நம் நாற்பது பேரில் இருப்பார்கள், அவர்கள் பிழைப்பையும் யோசிக்க வேண்டும்.

அதனால் அவரிடம் நான் கேட்பது செலவில்லாத ஒரு வேலை. சம்மதிக்கிற ஆஸ்பத்திரிகளில், பெயர் எதுவும் இல்லாமல், எந்தத் தேதியில் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் நெபுலைசர் வைக்க வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் வாங்கி, ஒரு நோட்டில் ஒரு வருடம் எழுதட்டும். பக்கத்தில் அன்றைய காற்று எந்தத் திசை, மழையா, போகியா, தீபாவளியா என்று குறிக்கட்டும். ஒரு குறிப்பிட்ட ஆலைக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் ஊரில் மட்டும் எண்ணிக்கை ஏறுகிறது என்று தெரிந்தால், அடுத்த வருடப் பணத்தில் ஒரு பகுதியை வழக்குக்குப் போட நானே கை தூக்குவேன்.

அதே நோட்டு நம் நாற்பது பேருக்கும் வேண்டும், சேர்வதற்கு முந்தைய வருடம் எத்தனை ராத்திரி ஆஸ்பத்திரி, சேர்ந்த பிறகு எத்தனை என்று. கேம்டன் கதை தெரிந்த பிறகு, சீட்டு வாங்கியும் இடமில்லாமல் காத்திருக்கிற பட்டியலில் உள்ளவர்களிடமும் இதே கணக்கைக் கேட்டு வைப்பது நல்லது. இல்லாவிட்டால் நாமும் தானாகத் தேறியவர்களைக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருப்போம்.

ஆனி பிறப்பதற்குள் முதல் இருபது பேராவது மருந்தைத் தொடங்கியிருந்தால்தான் ஆடிக் காற்றுக்குள் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கும், அதனால் முடிவைச் சித்திரைக்குள் எடுத்தாக வேண்டும். முகாம் கட்சிக்காரர்கள் மே மாதத்தில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளட்டும், ஸ்பான்சர் அவர்களே பிடித்துக்கொள்ளட்டும், பேனரும் கட்டட்டும். வருகிறவர்களில் வீசிங் மருந்து வாங்குகிற ஒவ்வொருவரின் போன் நம்பரும், அவர்கள் சம்மதித்தால், அன்று சாயங்காலமே நர்ஸ் கைக்கு வந்துவிட வேண்டும், என் தரப்பில் அந்த ஒரு நிபந்தனைதான்.